களியக்காவிளைப் பக்கத்தில் மழைக்காலக் காய்கறித் தோட்டம்: ஆடிப்பட்டம் இங்கே பொருந்துமா?

கரிசல்மகள், களியக்காவிளை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் பூமியில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்திற்குப் பிறகு களியக்காவிளைக்கு அருகில் குடியிருக்கிறேன். வீட்டைச் சுற்றி 12 சென்ட் இடம் இருக்கிறது. ஓரங்களில் தென்னையும் பெரிய சக்கை (பலா) மரம் ஒன்றும் நிற்கின்றன. வெயில் விழும் நடுப்பகுதியில் காய்கறி வளர்க்கிறேன். மண் செம்மண்தான், ஆனால் ஓரடி ஆழம் போனதும் துளை விழுந்த செங்கல் நிறக் கல் மண்வெட்டியில் தட்டுகிறது. நிலம் மேற்கு நோக்கிச் சற்றே சரிந்திருக்கிறது.

எங்கள் ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைப்பார்கள். அந்தக் கணக்கில் ஆனியில் நாற்று விட்டு, ஆடி பிறந்ததும் தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றையும் நட்டேன். செடிகள் முதலில் நன்றாகவே தழைத்தன. பூ எடுக்கும் பருவத்தில் தக்காளியும் கத்திரியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை தொங்கத் தொடங்கின. இலை பழுக்கவில்லை, புள்ளி விழவில்லை, பூச்சி அரித்த அடையாளமும் இல்லை; காலையில் பச்சையாக நிமிர்ந்து நின்ற செடி மதியத்தில் துவள்கிறது, இரண்டொரு நாளில் பச்சை நிறம் மாறாமலே சாய்ந்துவிடுகிறது. மண்ணில் ஈரத்துக்குக் குறைவே இல்லாதபோது செடி ஏன் வாடுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

சிவப்புக் கீரையின் இலைகளில் வெளிறிய திட்டுகள் விழுந்து, நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டையாகிறது. இஞ்சியிலும் சில தூர்கள் மஞ்சளாகின்றன. இரவானால் கைப்பிடி அளவுள்ள நத்தைகள் வந்து பப்பாளிக் கன்றின் குருத்தைத் தின்றுவிட்டுப் போகின்றன. அக்கம்பக்கத்தார், “இது கிழங்கு விளையும் மண், காய்கறிக்கு ஆகாது” என்கிறார்கள். எனக்கு அதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை. இந்த மழைக்கும் இந்த மண்ணுக்கும் பொருத்தமாக வீட்டுக் காய்கறித் தோட்டத்தை எப்படி அமைப்பது, எந்த மாதத்தில் எதை நடுவது என்று அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மண்ணும்மழையும், பாறசாலை (பதில்)

அம்மா, வணக்கம். நான் வேளாண் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தோட்டங்களை நெடுங்காலம் பார்த்து வந்திருக்கிறேன். உங்கள் தக்காளிக்கும் கத்திரிக்கும் வந்திருப்பது பெரும்பாலும் பாக்டீரியா வாடல் நோய்தான். ஆனாலும் நான் தொலைவில் இருந்து சொல்வதை நம்பி எந்த மருந்தையும் வாங்க வேண்டாம். நீங்களே கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது.

வாடத் தொடங்கிய, ஆனால் இன்னும் காயாத செடி ஒன்றைப் பிடுங்குங்கள். வேருக்குச் சற்று மேலே தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றைக் கூர்மையான கத்தியால் நறுக்கி, ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிவிடுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, துண்டின் கீழ்முனை மட்டும் நீரில் முங்குமாறு நூலில் கட்டித் தொங்கவிட்டு, தம்ளரை அசைக்காமல் வையுங்கள். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடங்களுக்குள் வெட்டுவாயிலிருந்து மெல்லிய வெண்ணிற இழை ஒன்று பால் வடிவதைப் போல நேராகக் கீழிறங்கும். அது செடியின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் பாக்டீரியாக் கூட்டம். மண் நிறைய ஈரம் இருந்தும் செடி வாடுவதற்குக் காரணம் அந்த அடைப்புதான். இழை வராமல் தண்டின் உட்புறம் மட்டும் பழுப்பாக இருந்தால், அது வேறு வகைப் பூசண வாடலாக இருக்கலாம்.

இழை இறங்கினால் அந்தச் செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செடியை வேர் மண்ணோடு எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். அந்தப் பாத்தியிலிருந்து தண்ணீர் மற்றப் பாத்திகளுக்கு ஓடாமல் வாய்க்காலைத் திருப்புங்கள், ஏனென்றால் நோய் மண்ணோடும் நீரோடும் மண்வெட்டியோடும்தான் நகர்கிறது. அதே இடத்தில் அடுத்த சில பருவங்களுக்குத் தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றையும் நடாமல் வெண்டை, பயறு, கீரை என்று மாற்றிப் போடுங்கள்.

இனி ஆடிப்பட்டத்துக்கு வருகிறேன். அந்த வழக்கம் கரிசல் பூமிக்கு முற்றிலும் சரியானது. அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. ஆடியில் விதைத்தால் செடி சிறு மழைகளில் வேரூன்றி நின்று, பெருமழையைத் தாங்கும் பருவத்தில் அதைச் சந்திக்கிறது. இங்கோ தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் சராசரியாக ஜூன் 1ஆம் தேதியை ஒட்டித் தொடங்கிவிடுகிறது. நம் பெரியவர்கள் இதை இடவப்பாதி என்பார்கள். ஆனியிலும் ஆடியிலும் மண் நீர் கோத்து நிற்கும். அந்த மண்ணில் இளநாற்றை நடுவது வேருக்குக் காற்று இல்லாத இடத்தில் குடிவைப்பதாகும். பிறகு ஐப்பசியில் துலாமழை, அதாவது வடகிழக்குப் பருவமழை, மறுபடியும் வருகிறது. ஆகவே உங்கள் தோட்டத்துக்கு இரண்டு மழை உச்சங்கள் இருக்கின்றன, நடவை அவற்றுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் வளர்ந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் மழையைவிடப் பெரிய வேறுபாடு மண்ணில் இருக்கிறது. கரிசலில் சுண்ணாம்புச் சத்து மண்ணிலேயே நிறைந்திருக்கிறது. அங்கே யாரும் வயலுக்குச் சுண்ணாம்பு போடுவதில்லை, போடவும் கூடாது. இங்கே நூற்றாண்டுகளாகப் பெய்யும் மழை கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விட்டது. இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கி, மண் புளித்துப்போயிருக்கிறது. உங்கள் மண்வெட்டியில் தட்டும் கல் அப்படி உருவானதுதான். புளிப்பு மிகுந்து, அதைக் காட்டும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே போகும்போது அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கருக்கும், போடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாடல் பாக்டீரியாவின் தாக்குதலும் இப்படிப்பட்ட புளித்த, ஈரமான மண்ணில் கூடுதலாக இருக்கிறது. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிவதும், முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க நடுப்பகுதி மஞ்சளாவதும் இதே மண்ணில் அடிக்கடி காணும் குறைகள்தான். முதலாவது கால்சியம் போதாமையையும் இரண்டாவது மெக்னீசியம் போதாமையையும் காட்டுகின்றன.

எனவே அடுத்த பருவத்துக்கு முதல் வேலை சுண்ணாம்பு இடுவது. மண்ணைச் சோதித்து அதன்படி போடுவதே முறை. சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால், இந்தச் செம்மண்ணுக்கு ஒரு சென்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ வரை பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஈரமான மண்ணில் தூவிக் கொத்திக் கலந்துவிட்டு, இரண்டு வாரம் கழித்தே சாணமோ வேறு உரமோ போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

இரண்டாவது வேலை பாத்தி. கரிசலில் தண்ணீரைத் தேக்கப் பள்ளப் பாத்தி கட்டுவீர்கள். இங்கே தண்ணீரை வெளியேற்ற மேட்டுப் பாத்தி கட்ட வேண்டும். அகலம் ஒரு மீட்டர், உயரம் ஓரடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, இடையே உள்ள வாய்க்கால்களைச் சற்றே சாய்வாக ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். சரிவோடு நேராக வாய்க்கால் வெட்டினால் ஒரே மழையில் மேல்மண் முழுவதும் மேற்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கீழ் ஓரத்தில் பழைய கய்யாலை (மண் அரிக்காமல் தடுக்கும் வரப்புச் சுவர்) இருந்தால் அதை இடிக்காமல் பழுது பார்த்து வையுங்கள். பாத்தியின் மேல் தழையோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்புவது கோடையில் ஈரம் காக்க மட்டுமல்ல. மழைத்துளி மண்ணில் அறைந்து, நோய்க்கிருமி கலந்த சேற்றை இலையின் அடிப்புறத்தில் தெளிப்பதையும் அது தடுக்கிறது.

மூன்றாவது, ரகத் தேர்வு. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த வாடல் நோயைத் தாங்கும் ரகங்களை இப்படிப்பட்ட மண்ணுக்காகவே உருவாக்கியிருக்கிறது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா ஆகியவையும், கத்திரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா ஆகியவையும், மிளகாயில் உஜ்வலா, அனுக்ரஹா ஆகியவையும் அப்படிப்பட்டவை. கடையில் தொங்கும் வண்ணப் பொட்டலத்தை வாங்குவதைவிட, எல்லை தாண்டி வந்து இந்த விதைகளைத் தேடி வாங்குவது எத்தனையோ மேல். சுண்டைக்காய்ச் செடியை அடித்தண்டாக வைத்து ஒட்டுக்கட்டிய கத்திரி, தக்காளி நாற்றுகளும் கிடைக்கின்றன. சுண்டையின் வேர் இந்த நோயை நன்றாகத் தாங்கும் என்பதால் வீட்டுத் தோட்டத்துக்கு அவை மிகப் பொருத்தம். ஒட்டு நாற்றை நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

கீரையில் இருப்பது இலைப்புள்ளி நோய். அருண் போன்ற சிவப்பு ரகங்களை அது மழைக்காலத்தில் எளிதில் தாக்கும். பச்சை ரகமான கோ-1 தாங்கும். மழை மாதங்களில் பச்சைக் கீரையைப் போடுங்கள், அல்லது இரண்டையும் கலந்து விதையுங்கள். பூவாளியால் மேலிருந்து நீர் தெளிப்பதைத் தவிருங்கள்.

இஞ்சியில் மஞ்சளான தூரை மெல்ல இழுத்துப் பாருங்கள். தண்டு அடியில் நீர்கோத்து எளிதாகக் கையோடு வந்து, கிழங்கு கெட்ட வாடை அடித்தால் அது மென்னழுகல். அந்தத் தூரையும் சுற்றியுள்ள மண்ணையும் அகற்றிவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து சுற்றுச்செடிகளின் அடியில் ஊற்றுங்கள், நீர் தேங்காமல் வாய்க்காலை ஆழமாக்குங்கள். இழுத்தாலும் வராமல் உறுதியாக நின்றால் உரக்குறையாக இருக்கக்கூடும், அவசரப்பட வேண்டாம்.

மேட்டுவிளை, குலசேகரம் (பதில்)

ஐயா சொன்னவற்றோடு நான் முழுவதும் உடன்படுகிறேன், தங்கச்சி. ஆனால் “கிழங்கு விளையும் மண்” என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை நீங்கள் குறையாக எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தம். 12 சென்ட்டில் நடுப்பகுதி மட்டுமே காய்கறிக்கு ஏற்றது என்றால், மீதி இடம் கிழங்குக்காகவே காத்திருக்கிறது. தென்னையின் நிழலிலும் சேனை, சேம்பு, காச்சில் எல்லாம் விளையும், தக்காளி விளையாது. இந்த மழையை எதிர்த்து நிற்காமல் அதைக் குடித்து வளரும் பயிர்கள் அவை.

எங்கள் விளையில் (தோட்டத்தில்) ஆண்டு மாசி மாதத்தில் தொடங்குகிறது. மலையாளக் கணக்கில் அது கும்பம். கும்பத்தில் நட்ட சேனை குடத்தளவு, மீனத்தில் நட்டது மீன்கண்ணளவு என்று இங்கே சொல்வார்கள். கும்பப் பௌர்ணமியன்று நடுவது வழக்கம். இரண்டடிக் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கிய சாணமும் சாம்பலும் கலந்து நிரப்பி, நடுமொட்டின் ஒரு பகுதி ஒவ்வொன்றிலும் இருக்கும்படி ஏறத்தாழ ஒரு கிலோ எடையில் சேனையை நறுக்கி, சாணக் கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தி நட வேண்டும். குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி. நட்டதும் தழையைக் கனமாகப் போட்டு மூடிவிட்டால், கோடை முழுவதும் உள்ளே உறங்கிக் கிடந்து, முதல் மழைக்கு மூக்கை நீட்டும். எட்டு ஒன்பது மாதத்தில், துலாமழை ஓய்ந்ததும் தோண்டலாம்.

சித்திரையில் கோடை மழை இரண்டு கிடைத்ததும் இஞ்சியும் மஞ்சளும் மரச்சீனியும் (மரவள்ளி). மரச்சீனிக் கம்பை அரையடியிலிருந்து முக்காலடி வரை வெட்டி, மண்ணை மேடாகக் குவித்துக் கூனம் கூட்டி, மேட்டின் உச்சியில் செங்குத்தாக நடுங்கள். இலை சுருண்டு மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்த செடியிலிருந்து கம்பு எடுக்கவே கூடாது. திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு அதிகத் தூரமில்லை. ஸ்ரீ ஜயா, ஸ்ரீ விஜயா என்னும் குறுகிய கால மரச்சீனி ரகங்கள் அந்த நிலையம் கண்டவை. ஆறேழு மாதத்தில் கிழங்கு எடுத்துவிடலாம் என்பதால் சிறிய இடத்துக்கு அவை நல்லது.

வைகாசி முதல் பாதியில், இடவப்பாதிக்கு முன்பே, வெண்டையும் பயறும் விதைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் குறைவு. அதைப் பரப்பும் வெள்ளை ஈ அடைமழையில் பெருகுவதில்லை. அர்கா அனாமிகா போன்ற தாங்கும் ரகமாக இருந்தால் இன்னும் நிம்மதி. மிளகாயும் மழைக்கு முன்பே நட்டு வேர் பிடித்திருந்தால் தாக்குப்பிடிக்கும். வீட்டுக்குப் போதும் என்றால் காந்தாரி நாலு செடி வையுங்கள். நிழலிலும் வளரும், ஆண்டுக்கணக்கில் காய்க்கும். தவசிக்கீரையை வேலி ஓரமாகக் குச்சி ஒடித்து நட்டுவிட்டால், மழைக்காலத்தில் கீரைக்காக அலைய வேண்டியதில்லை.

ஆனியில் திருவாதிரை ஞாற்றுவேலை வரும். ஏறத்தாழ ஜூன் 22 முதல் இரண்டு வாரம். மழையும் இளவெயிலும் மாறி மாறி அடிக்கும் நாட்கள் அவை. கொடியும் கம்பும் நட அதைவிட நல்ல காலம் எங்களுக்கு இல்லை. பரங்கியர் மிளகுக்கொடியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனபோது, “கொடியைத்தானே கொண்டுபோகிறார்கள், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே” என்று கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி சொன்னதாக ஒரு கதை மலையாள நாடு முழுவதும் வழங்குகிறது. உங்கள் சக்கை மரம் சும்மா நிற்க வேண்டாம். மரத்திலிருந்து ஓரடி தள்ளி வடக்குப் பக்கத்தில் குழி எடுத்துக் கரிமுண்டா ரக மிளகுக்கொடி இரண்டு நடுங்கள். பன்னியூர்-1 காய்ப்பில் பெயர் பெற்றதுதான், ஆனால் அதற்கு வெயில் வேண்டும். பெரிய சக்கை மரத்து நிழலில் கரிமுண்டாதான் ஒத்துப்போகும். கொடியின் அடியில் தண்ணீர் ஒருநாள்கூடத் தேங்கக் கூடாது.

ஆடி, ஆவணியில் சிறுகிழங்கு. உங்கள் ஆடிப்பட்டத்துக்கு இந்த மண்ணில் உண்மையான பொருத்தம் இதுதான். மாதம் முந்தியே சிறு பாத்தியில் கிழங்கை முளைக்கவிட்டு, அதன் கொடியை ஒரு சாண் நீளத்தில் கிள்ளி மேட்டு வரப்பில் படுக்கவைத்து நட வேண்டும். தை பிறக்கும்போது பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்கும். தக்காளி, முட்டைக்கோஸ், காலிபிளவர் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் நடுங்கள். இரவுக் குளிர் இருக்கும் மார்கழி, தையில் அவை காய்க்கும். பாகல், புடல், வெள்ளரிக்கு மார்கழிக்குப் பிந்திய வறண்ட காலமே சிறந்தது.

நத்தைக்கு வருகிறேன். அது ஆப்பிரிக்கப் பெருநத்தை. அதை வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது. அந்தப் புழு மனிதருக்குள் போனால் மூளைச் சவ்வைத் தாக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைத் தொடவிடாதீர்கள், கீரையை நன்றாகக் கழுவிச் சமைத்தே சாப்பிடுங்கள். மாலையில் ஈரச் சாக்கை விரித்து, அதற்குள் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் போட்டு வைத்தால் இரவில் அங்கே திரளும். விடிவதற்குள் கடுமையான உப்புக் கரைசல் உள்ள வாளியில் தள்ளி, செத்தபின் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். உப்பை நேராகப் பாத்தியில் தூவாதீர்கள், மண் கெட்டுவிடும். மழை தொடங்கும் காலத்தில் அண்டை வீட்டார் எல்லாரும் ஒன்றாகப் பொறுக்கினால்தான் பலன் உண்டு; ஒரு விளையில் மட்டும் பொறுக்கினால் அடுத்த விளையிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

கரிசல்மகள், களியக்காவிளை

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி தம்ளரில் வைத்துப் பார்த்தேன். கத்திரித் தண்டிலிருந்து வெள்ளை இழை இறங்கி, சற்று நேரத்தில் அடியில் உள்ள நீர் முழுவதும் கலங்கிவிட்டது. தக்காளியிலும் அப்படியே. மிளகாய் இதுவரை நன்றாக இருக்கிறது. வாடிய செடிகளை எல்லாம் எடுத்து எரித்துவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கடையில் நீற்றுச் சுண்ணாம்பு, சிப்பிச் சுண்ணாம்பு, டோலமைட் என்று மூன்றும் இருக்கின்றன, எதை வாங்குவது? அடுப்புச் சாம்பல் நிறைய இருக்கிறது, அது போதாதா? அடுத்ததாக, நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டு மாடியில் பாலித்தீன் கூரை போட்டு மழைக்குள்ளேயே தக்காளி வளர்ப்பதைப் பார்த்தேன். அது செலவுக்குத் தகுந்த பலன் தருமா?

மண்ணும்மழையும், பாறசாலை

சிப்பியைச் சுட்டு நீற்றினாலும் கல்லைச் சுட்டு நீற்றினாலும் கிடைப்பது ஒரே பொருள்தான். நீற்றிய சுண்ணாம்பு விரைவாக வேலை செய்யும். சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 100 கிலோ செய்யும் வேலையை அது 74 கிலோவிலேயே செய்துவிடும் என்பதால் அளவைச் சற்றுக் குறைத்தே போட வேண்டும், கண்ணிலும் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டோலமைட் மெதுவாகக் கரையும், ஆனால் கால்சியத்தோடு மெக்னீசியமும் தரும். முதிர்ந்த இலைகளில் நரம்பிடை மஞ்சள் இருந்தால் டோலமைட்டே என் தேர்வு. பருவம் நெருங்கிவிட்டது, உடனே நட வேண்டும் என்றால் நீற்றிய சுண்ணாம்பு. சாம்பல் முக்கியமாகப் பொட்டாசியத்துக்கு நல்லது, புளிப்பையும் ஓரளவு தணிக்கும்; ஆனால் அடைமழையில் விரைவில் கழுவிப் போய்விடும் என்பதால் சுண்ணாம்புக்கு மாற்றாக அதை நம்ப முடியாது. செடியின் தூரை ஒட்டிக் குவிக்காமல் சிறிது சிறிதாகப் போடுங்கள்.

மழைமறைப்பு பற்றி. மழைக்காலத்தில் தக்காளி வேண்டும் என்ற விருப்பம் உறுதியானது என்றால் அது தகுந்த வழிதான். புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் விரிப்பே வாங்க வேண்டும். சாதாரண விரிப்பு ஒரே வெயில் காலத்தில் பொடிந்துவிடும். பக்கங்களைத் திறந்தே விடுங்கள், நடுவுயரம் பத்தடிக்குக் குறையாமல் இருந்தால் உள்ளே புழுக்கம் தங்காது. கூரையிலிருந்து வழியும் நீர் உள்பாத்திக்கு வராமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டுங்கள். கம்பங்களை நன்றாக ஆழமாக ஊன்றுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பரையும் வாழையையும் சாய்த்ததைப் பார்த்த எவரும் இங்கே காற்றை லேசாக எண்ண மாட்டார்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: மழை படாத இலைகளில் வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் பெருகும், ஆகவே இலையின் அடிப்புறத்தை நாள்தோறும் புரட்டிப் பார்க்க வேண்டும். கூரை இருந்தாலும் மண் பழைய மண்தான். வாடல் நோய் கண்ட இடத்தில் கூரை போட்டால் நோயும் கூரைக்குள் வரும். ஒட்டு நாற்றோ, வேறிடத்து மண் நிரப்பிய பையோ கட்டாயம்.

தென்னந்தோப்பு, தூத்தூர் (பதில்)

இந்தத் திரியைக் கடற்கரை ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல விரும்புகிறேன். சென்ட்டுக்கு 2, 3 கிலோ சுண்ணாம்பு என்பதை எல்லாரும் அப்படியே பின்பற்றக் கூடாது. களியக்காவிளைச் செம்மண்ணுக்கு அது சரி. எங்களைப் போலக் கரையோர மணலில் இருப்பவர்களுக்கு மண்ணிலேயே சிப்பித் துகள் கலந்திருக்கலாம். அங்கே புளிப்பே இருக்காது, சுண்ணாம்பு போட்டால் இரும்புச்சத்தும் துத்தநாகமும் செடிக்கு எட்டாமல் போய்க் குருத்திலை வெளுக்கும். மண்ணைச் சோதிக்காமல் கடலோரத்தில் யாரும் சுண்ணாம்பில் கைவைக்க வேண்டாம். தோட்டத்தில் எட்டுப் பத்து இடங்களில் ஆங்கில வி எழுத்தைப் போல அரையடி ஆழம் வெட்டி, வெட்டின் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, அரைக் கிலோ நிழலில் உலர்த்திக் கொடுத்தால் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் பி.எச். அளவு சொல்லிவிடுவார்கள். உரக்குழி அருகிலும் மரத்தடியிலும் மண் எடுக்கக் கூடாது.

மணலில் எங்களுக்குத் தேங்கும் நீர் ஒரு தொல்லையே அல்ல. நீரோடு சத்தும் நில்லாமல் போவதுதான் தொல்லை. அதனால் மேட்டுப் பாத்திக்குப் பதிலாக, இரண்டடிக் குழியின் அடியில் தேங்காய் நார்மட்டையை உட்குழிவு மேல்நோக்கி இருக்கும்படி அடுக்கி, அதன்மேல் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பிக் காய்கறி நடுகிறோம். உரத்தை ஒரே தவணையில் கொட்டாமல் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறிதளவு இடுகிறோம். உப்புக்காற்று அடிக்கும் பக்கத்தில் பூவரசும் புன்னையும் வரிசையாக நிற்பதால் உள்ளே செடிகள் பிழைக்கின்றன. கடல் சீறிய நாளுக்கு மறுநாள் மழை இல்லையென்றால் கிணற்று நீரால் இலைகளைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கருகும்.

சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். மிளகாய் இன்னும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் காப்பாற்றச் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 20 கிராம் கரைத்து வேரடியில் ஊற்றலாம். ஆனால் இஞ்சிக்கு ஐயா சொன்ன தாமிர மருந்தை ஊற்றிய இடத்தில் பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள், தாமிரம் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். கத்திரிப் பாத்தியில் வேலை செய்த மண்வெட்டியைக் கழுவாமல் மிளகாய்ப் பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கரிசல்மகள், களியக்காவிளை

மிக்க நன்றி. இஞ்சியை இழுத்துப் பார்த்தேன். மூன்று தூர்கள் கையோடு வந்தன, மற்றவை உறுதியாக நிற்கின்றன. வந்தவற்றை மண்ணோடு எடுத்துவிட்டு மருந்து ஊற்றியிருக்கிறேன். மிளகாய் இஞ்சிக்கு எதிர் ஓரத்தில் இருப்பதால் அங்கே சூடோமோனாஸ் நாளையே ஊற்றிவிடுவேன். மண் மாதிரி எடுத்து உலரவைத்திருக்கிறேன். முடிவு வந்ததும் பி.எச். அளவை இங்கே பதிவிடுகிறேன், ஐயா அதைப் பார்த்து டோலமைட் அளவைச் சொல்ல வேண்டும். காலியான கத்திரிப் பாத்தியை உயர்த்திக் கட்டிப் பயறு விதைக்கப் போகிறேன். அக்கா, சிறுகிழங்குக் கொடி குலசேகரம் சந்தையில் இப்போது கிடைக்குமா, அல்லது கிழங்கு வாங்கி நானே முளைக்கவிட வேண்டுமா?

மேட்டுவிளை, குலசேகரம்

ஆவணி பாதிவரை கொடி நடலாம், தங்கச்சி. இனிமேல் கிழங்கை முளைக்கவிட்டால் காலம் தப்பிவிடும். எங்கள் நாற்றுப் பாத்தியில் கொடி மிச்சம் இருக்கிறது. பத்தாம் நாள் இரண்டாம் முறை கிள்ளும்போது உங்களுக்கும் ஒரு கட்டு எடுத்து வைக்கிறேன். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் அன்று மாலையே நட்டுவிடுங்கள். அதற்கு முன் தென்கிழக்கு மூலையில், கத்திரி நிற்காத இடத்தில், வரப்பைக் கூட்டி வையுங்கள்.